ஜெராக்ஸ் எடுத்த ஆபாசம்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். தலைப்பைப் பார்த்து கெட்ட வார்த்தை தேடி வந்தவங்க ஏமாந்துதான் போவீங்க. மொத்தத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுவும் பாதிக்கு மேலதான் வரும் :-)

ஆபீஸ்ல யாராவது "நேட்டிவ் எது?"ன்னு கேட்டா நான் காளப்பநாயக்கன்பட்டின்னு சொல்றதில்லை. சொல்லி முடிக்கறதுக்குள்ள லிஃப்ட் வந்துரும். கொல்லிமலை அடிவாரம்னு சொல்லுவேன். அதுவும் தெரியாதவங்களுக்கு நாமக்கல். நாமக்கல்னதும் முதல்ல முட்டை, அப்புறம் லாரி, அப்புறம் ஆஞ்சநேயர். எதிராளி கொஞ்சம் புத்தகம் படிக்கிற ஆளா இருந்தா நாலாவதா ஒண்ணு வரும். "அந்த நாவலை எரிச்சது உங்க ஊர்லதானே?"

எங்க ஊர்ல இல்லீங்க, திருச்செங்கோட்டுல. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். ஆனா மாவட்டம் ஒண்ணு, பேச்சு ஒண்ணு, எழுத்தாளர்கிட்ட கையெழுத்து வாங்கின கலெக்டர் ஆபீஸும் ஒண்ணுதான். சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் மேல போகணும்னா நாங்களும் அங்கதான் போறோம். அதனால "எங்க ஊர் இல்லை"ன்னு கழண்டுக்கறது சரியா படலை.

கருத்துச் சுதந்திரம் பத்தி எழுத ஆரம்பிச்சா வால்டேர், ஜான் ஸ்டூவர்ட் மில்னு ஒரு ரவுண்டு ஜல்லி அடிக்கிறது வழக்கம். எனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமில்லை. நாமக்கல் பஸ்ல ஏறினா போதும்.

மறந்துபோனவங்களுக்காக சுருக்கமா. பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்' நாவலை 2010ல் காலச்சுவடு வெளியிட்டது. காளி, பொன்னான்னு ஒரு புருசன் பொண்டாட்டி. பன்னிரண்டு வருசமா குழந்தை இல்லை. சுதந்திரத்துக்கு முந்தைய காலம். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் வைகாசித் தேர்நோம்பியில பதினாலாம் நாள் ராத்திரி குழந்தை இல்லாத பொண்ணுங்க முகம் தெரியாத ஆம்பளையோட சேர்ந்து குழந்தை வரம் வாங்கலாம்ங்கற ஒரு வாய்வழி வழக்கம் கதையில வருது. பொன்னாவை அங்க அனுப்பறதா வேண்டாமாங்கறதுதான் நாவல். நாலு வருசம் நாவல் பாட்டுக்கு கடையில இருந்தது. 2013ல் இங்கிலீஷ்லயும் வந்தது. திடீர்னு 2014 டிசம்பர்ல எதிர்ப்பு கிளம்பி 26ஆம் தேதி திருச்செங்கோட்டுல புத்தகத்தை எரிச்சாங்க. இந்து அமைப்புகள், சாதி அமைப்புகள் எல்லாம் சேர்ந்துக்கிச்சு. 2015 ஜனவரி 9ஆம் தேதி ஊரே கடையடைப்பு. 12ஆம் தேதி கலெக்டர் ஆபீஸ்ல அமைதிப் பேச்சுவார்த்தை. அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல, எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துட்டதாகவும் இனிமே பெ.முருகன்ங்கற வாத்தியார் மட்டும்தான் உண்டுன்னும் அவரே ஃபேஸ்புக்குல அறிவிச்சார்.

அப்போ நான் ப்ளஸ் டூ. நாமக்கல் மாவட்டத்துல ப்ளஸ் டூன்னா என்னன்னு தமிழ்நாட்டுக்கே தெரியும். காலையில 5 மணிக்கு எழுப்பி ராத்திரி 11 வரைக்கும் படிக்க வைக்கிற ஹாஸ்டல் வாழ்க்கை. பாடப்புத்தகம் தவிர வேற எந்தப் புத்தகத்தோட பேரும் காதுல விழாத அந்த இடத்துக்குள்ளயும் இந்தப் பேரு வந்து விழுந்தது. பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தப்ப எங்க மாமா ஒருத்தர் சட்டைப்பையில நாலா மடிச்ச ஜெராக்ஸ் பேப்பர் வச்சிருந்தார். நாவல்ல இருந்து எடுத்த சில பக்கங்கள். அங்கங்கே பேனாவால அடிக்கோடு. "உனக்கெல்லாம் இது வேண்டாம்டா மாப்ள"ன்னு என்கிட்ட காட்டலை. பதினேழு வயசுப் பையன்கிட்ட அப்படிச் சொன்னா என்ன நடக்கும்? சட்டையைக் கொக்கியில மாட்டிட்டு அவர் குளிக்கப் போனப்ப படிச்சு முடிச்சேன்.

இந்த ஜெராக்ஸ் சமாச்சாரத்தைப் பத்திதான் நான் பேசணும். பல வருசம் கழிச்சு வழக்கு விவரங்களைத் தேடிப் படிச்சப்பதான் அந்த நாலு மடிப்புக்குள்ள ஒரு பெரிய சட்ட வரலாறே இருக்குன்னு தெரிஞ்சது.

1868ல் இங்கிலாந்துல ஹிக்ளின் வழக்குன்னு ஒண்ணு. ஒரு எழுத்து ஆபாசமா இல்லையான்னு எப்படி முடிவு பண்றதுன்னு அங்க ஒரு அளவுகோல் வச்சாங்க. யாரோட மனசு இந்த மாதிரி விஷயத்துல சுலபமா கெட்டுப்போகுமோ அந்த மாதிரி ஆள் கையில இது கிடைச்சா கெட்டுப்போவானா? ஆமான்னா ஆபாசம். அதாவது ஊர்லயே பலவீனமான மனசுக்காரன் யாரோ அவன்தான் அத்தனை பேருக்கும் அளவுகோல். இந்த அளவுகோலை வச்சு புத்தகத்துல ரெண்டு பக்கத்தை மட்டும் கிழிச்சு எடுத்துக்காட்டினாலே கேஸ் ஜெயிச்சுடலாம்ங்கற நிலைமை வந்தது.

இங்கிலாந்துக்காரன் 1959ல் புதுச் சட்டம் போட்டு, புத்தகத்தை முழுசா பார்த்துத்தான் சொல்லணும்னு மாத்திக்கிட்டான். அடுத்த வருசமே லாரன்ஸோட 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலை வெளியிட்ட பெங்குவினை கோர்ட் விடுவிச்சது. நம்ம ஊர்ல? பம்பாய்ல ஹேப்பி புக் ஸ்டால்னு ஒரு கடை. அதே நாவலை வித்ததுக்காக கடையோட பங்குதாரர் ரஞ்சித் உதேஷி மேல கேஸ். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1964ல் தண்டனை உறுதியாச்சு. அபராதம் எவ்வளவு தெரியுமா? 20 ரூபாய். ஆனா அந்த 20 ரூபாய் தீர்ப்போட சேர்ந்து ஹிக்ளின் அளவுகோலும் இந்தியாவுல குடியேறிடுச்சு. வெள்ளைக்காரன் தூக்கிப் போட்டதை நாம பத்திரமா எடுத்து வச்சுக்கிட்டோம். முழுசா பார்க்கணும்னு அந்தத் தீர்ப்பும் சொல்லுச்சுதான், ஆனா அந்த 'மாதிரி' இடங்களைத் தனியாவும் எடை போட்டுப் பார்க்கணும்னு ஒரு கொக்கியும் வச்சிருந்தது.

இதை மாத்தறதுக்கு 50 வருசம் ஆச்சு. அதுக்குக் காரணமா இருந்தவர் டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர், சத்தியமா. அவரும் அவர் கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணும் உடையில்லாம எடுத்துக்கிட்ட ஒரு படம், நிறவெறிக்கு எதிரான ஒரு பேட்டியோட ஜெர்மன் பத்திரிகையில வந்தது. அதை 'ஸ்போர்ட்ஸ் வேர்ல்ட்' இங்க மறுபிரசுரம் பண்ணினதுக்கு 1993ல் கல்கத்தாவுல கேஸ். 21 வருசம் இழுத்து 2014 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ஹிக்ளினை மூட்டை கட்டியாச்சு, இனிமே சமகால சமூகத்துல சராசரி ஆள் எப்படிப் பார்ப்பானோ அதுதான் அளவு, படத்தையோ வரியையோ தனியா பிச்சு எடுக்காம சொல்ல வந்த விஷயத்தோட சேர்த்துத்தான் பார்க்கணும்னு.

பிப்ரவரியில டெல்லியில செத்துப்போன ஹிக்ளின், டிசம்பர்ல திருச்செங்கோட்டுல ஜெராக்ஸ் மெஷின் வழியா உயிரோட எழுந்து வந்துட்டார். ஒரு முழு நாவல்ல சில பக்கம், அந்தப் பக்கத்துலயும் சில வரிக்கு அடிக்கோடு. மாமா சட்டைப்பையில இருந்தது 1868ஆம் வருசத்துச் சட்டம்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. எங்க ஊர்ப்பக்கம் வந்து ஒரு நாள் இருந்தவங்களுக்குத் தெரியும், இங்க கெட்ட வார்த்தைங்கறது நிறுத்தக்குறி மாதிரி. கமா போடற இடத்துல ஒண்ணு, முற்றுப்புள்ளிக்கு ஒண்ணு. வரப்புத் தகராறுல பொம்பளைங்க திட்டிக்கிறதை எழுதினா எந்தப் பத்திரிகையும் அச்சடிக்காது. ராத்திரி கூத்துல கோமாளி பேசறதைக் கேட்டு கிழவிங்க வெத்தலைச் சாறு ஒழுகச் சிரிக்கும். நோம்பிக்கு ஆடல் பாடல் நிகழ்ச்சி வேணும்னா போலீஸ் அனுமதி தராம கோர்ட்டுக்குப் போறது தமிழ்நாட்டுல வருசா வருசம் நடக்கறது. கோர்ட்டும் ஆபாச நடனம் கூடாது, ரெட்டை அர்த்தப் பாட்டு கூடாதுன்னு நிபந்தனை போட்டு அனுமதி தரும். அந்த நிபந்தனை மேடையேறினதும் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும் ;-)

அப்போ பிரச்சினை வார்த்தை இல்லை. எங்க, யாரு முன்னாடி, யாரு சொல்றாங்கறதுதான். தொல்காப்பியத்துல இதுக்கு அழகா ஒரு பேரு இருக்கு, அவையல் கிளவி. அவையில சொல்லத்தகாத சொல். சொல்லை விட்டுட்டு அவையைக் கணக்குல எடுத்திருக்காங்க பாருங்க, அங்கதான் நிக்கிறாங்க. காட்டுல சொல்லலாம், கூத்துல சொல்லலாம், புத்தகத்துல மட்டும் சொல்லக்கூடாது. ஏன்னா புத்தகம் வெளியூர் போகும். இங்கிலீஷ்லயும் போகும். நம்மைப் பத்தி நாலு பேரு என்ன நினைப்பான்? மாமாவோட கோபத்துல இதுதான் முக்கால்வாசி.

'ஆபாசம்'ங்கற வார்த்தையே சமஸ்கிருதத்துல இருந்து வந்தது. மூலத்துல அதுக்கு போலித்தோற்றம்னு அர்த்தம். ரசாபாசம்னு சொல்றோமே, அதே ஆபாசம்தான். இருக்கற மாதிரி தெரியும், ஆனா இருக்காது. ஜெராக்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைக்குமா?

சரி, மேட்டருக்கு வருவோம். எனக்கு இந்த மொத்த விவகாரத்துலயும் பெரிசா தெரியறது எரிப்பும் இல்லை, பந்தும் இல்லை. ஜனவரி 12ஆம் தேதி நடந்த அந்தக் கூட்டம்தான்.

கவனிச்சுப் பாருங்க, 'மாதொருபாகன்' நாவலை அரசாங்கம் தடை செய்யவே இல்லை. தடை செய்யணும்னா அதுக்குச் சட்டத்துல ஒரு வழி இருக்கு. அரசாணை போடணும், காரணம் எழுதணும், எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போகலாம். 1911ல் வெள்ளைக்கார அரசாங்கம்கூட அப்படித்தான் செஞ்சது. தஞ்சாவூர் அரண்மனையில இருந்த முத்துப்பழனிங்கற பெண் கவிஞர் தெலுங்குல எழுதின 'ராதிகா சாந்த்வனம்'. அதை பெங்களூரு நாகரத்தினம்மாள் 1910ல் பதிப்பிச்சாங்க. ஆபாசம்னு சொல்லித் தடை போட்டாங்க. தடைன்னு ஒண்ணு கையில இருந்ததால எதிர்க்கறவங்களுக்கும் எதை எதிர்க்கறோம்னு தெரிஞ்சது. 1947ல் பிரகாசம் காலத்துல அது நீங்குச்சு.

நாமக்கல்ல நடந்தது வேற. தடை இல்லை, வழக்கு இல்லை, உத்தரவு இல்லை. மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில ஒரு மேசை, சுத்தி நாற்காலி. ஒரு பக்கம் ஊரையே மூடிக் காட்டின கூட்டத்தோட பிரதிநிதிங்க. இன்னொரு பக்கம் பந்த் சமயத்துல குடும்பத்தோட ஊரைவிட்டு விலகி இருக்க வேண்டி வந்த ஒரு காலேஜ் வாத்தியார். அடுத்த பதிப்புல திருச்செங்கோடுங்கற பேரையே எடுத்துடறேன்னு அவர் ஏற்கனவே சொல்லிப் பார்த்தாச்சு. எடுபடலை. கடிதத்துல முதல்ல 'வருத்தம்'னு இருந்திருக்கு. அது போதாது, 'நிபந்தனையற்ற மன்னிப்பு'ன்னு போடணும்னு மாத்தியிருக்காங்க. விக்காம இருக்கிற பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கறேன்னும் எழுதி வாங்கிக்கிட்டாங்க. கையெழுத்து.

தமிழ்ல எழுதற ஒவ்வொருத்தரும் அந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல இருக்கற தூரத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பத்து நாவல் எழுதினாலும் கிடைக்காத ஒரு பாடம் அதுல இருக்கு. 'வருத்தம்'னா உங்க மனசு நொந்ததுக்கு நானும் வருத்தப்படறேன், அவ்வளவுதான். 'மன்னிப்பு'ன்னா நான் செஞ்சது குற்றம். கோர்ட்டே சொல்லாத ஒரு குற்றத்தை ஒரு பேச்சுவார்த்தை சொல்லிடுச்சு.

கிராமத்துப் பஞ்சாயத்தைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது புதுசில்லை. "நீ செஞ்சது தப்பா சரியாங்கறது அப்புறம். ஊர் ஒண்ணா இருக்கோணும். கால்ல விழுந்துரு." இதையேதான் அரசாங்க லெட்டர்ஹெட்ல பண்ணினாங்க. அதிகாரியைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவருக்கு அன்னிக்கு ராத்திரி பஸ் கண்ணாடி உடையக்கூடாது, நாளைக்குக் கடை திறக்கணும். ஆயிரம் பேரை அடக்கறதைவிட ஒருத்தரை அடக்கறது சுலபம். அரசாங்கக் கணக்குல இது ரொம்ப நியாயமான கணக்கு.

ஆனா இந்தக் கணக்கு தப்புன்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே சொல்லியாச்சு. அதுவும் ஒரு தமிழ்ப்பட விவகாரத்துல. 'ஒரே ஒரு கிராமத்திலே'ன்னு ஒரு படம். இட ஒதுக்கீட்டை விமர்சிச்சு எடுத்தது. அந்தப் படத்தோட கருத்து எனக்குச் சுத்தமா உடன்பாடு இல்லை, நான் படிச்சதே ஒதுக்கீட்டுல கிடைச்ச சீட்டுல. அது இருக்கட்டும். படம் வந்தா கலவரம் வரும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் சென்சார் சான்றிதழை ரத்து பண்ணினது. ரங்கராஜன் வழக்குல சுப்ரீம் கோர்ட் அதை மாத்தி, ஊர்வலம் வரும், வன்முறை வரும்னு பயந்து கருத்தை அடக்கக்கூடாது, கருத்துச் சுதந்திரத்தைக் காப்பாத்தறது அரசாங்கத்தோட கடமை, கூட்டத்தை எங்களால சமாளிக்க முடியாதுன்னு அரசாங்கம் கைவிரிக்க முடியாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. வெடிமருந்து பீப்பாய்க்குள்ள தீப்பொறி விழற மாதிரி ஆபத்து அவ்வளவு நெருக்கமா இருந்தாத்தான் தடுக்கலாம். இதைச் சொல்லி 26 வருசம் கழிச்சுத்தான் அந்த மேசையில கையெழுத்து வாங்கினாங்க.

(2005ல் குஷ்பு ஒரு பத்திரிகையில கல்யாணத்துக்கு முந்தைய உறவு பத்திச் சொன்ன கருத்துக்கு ஊர் ஊரா 23 புகார் போட்டதும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2010ல் அத்தனையும் தள்ளுபடியாச்சு. ஆனா அஞ்சு வருசம் கோர்ட் படியேறினது யாரு? அலைச்சலே தண்டனைங்கறது நம்ம ஊர்க்காரனுக்கு நல்லா தெரிஞ்ச டெக்னிக்.)

மாமா பக்க நியாயத்தையும் சொல்லிடறேன், இல்லைன்னா ஒருதலைப்பட்சம்னு பின்னூட்டத்துல வந்து கும்முவீங்க. போன வருசம் நோம்பிக்குப் போனப்ப பேச்சு வந்தது.

"ஏன் மாமா, நீங்க அந்த நாவலை முழுசா படிச்சீங்களா?"

"அதையெல்லாம் எதுக்குப் படிக்கோணும்? சாக்கடை நாறுதுன்னு சொல்றதுக்கு அதுல எறங்கோணுமா?"

"சரி, உங்களுக்கு என்ன கோவம்?"

"ஊர்ப்பேரு போட்டிருக்கான். கோயில் பேரு போட்டிருக்கான். நாளைக்கு உன்ற பாட்டியப் பத்தி எவனாச்சும் இப்படி எழுதினா நீ சும்மா இருப்பியா?"

இந்தக் கேள்வியை அலட்சியமா தள்ளிட முடியாது. நாவலாசிரியர் கள ஆய்வு செஞ்சு எழுதினதா முன்னுரையில இருக்கு. அப்போ இது வரலாறா கற்பனையா? ஆதாரம் காட்டுன்னாங்க. ஒரு ஊரோட பேரைப் போட்டு எழுதும்போது அந்த ஊர்ல பிறந்த பொண்ணுங்க, கட்டிக் கொடுத்த பொண்ணுங்க நாலு பேர்கிட்ட கேலிப்பேச்சு கேட்க நேரலாம்ங்கறது உண்மை. எனக்கு அது புரியுது. ஆனா கதைக்கு ஆதாரம் கேட்டா எந்தத் தலபுராணம் தேறும்னும் கேட்கத் தோணுது. அதைவிட, அந்தக் கேள்வியை வச்சு ஒரு கட்டுரை எழுதலாம், எதிர்த்து ஒரு நாவலே எழுதலாம், நாமக்கல்ல கூட்டம் போட்டு நாள்பூரா திட்டலாம். எல்லாத்துக்கும் உரிமை இருக்கு. வாங்கின புத்தகத்தை எரிக்கறதுகூட, எனக்குப் பிடிக்கலைன்னாலும், ஒரு மாதிரி எதிர்ப்புதான். ஊரைவிட்டு ஓட வைக்கறதுதான் வேற கணக்கு.

"பாட்டியைப் பத்தி எழுதினா"ன்னு மாமா சொன்னதுமே எனக்கு வேற ஒருத்தங்க ஞாபகம் வந்தாங்க. எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி. கல்யாணம் ஆகி 24 வருசம். குழந்தை இல்லை. யார் வீட்டுச் சீருக்குப் போனாலும் அண்டா கழுவறது, வெங்காயம் உரிக்கறது, பந்தி பரிமாறறது எல்லாத்துக்கும் முன்னாடி நிப்பாங்க. பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தற நேரம் வந்தா மட்டும் அவங்களுக்கு அடுப்படியில ஏதாவது வேலை வந்துரும். யாரும் போன்னு சொல்றதில்லை. சொல்ல விடமாட்டாங்க, முந்திக்குவாங்க.

அவங்களுக்கு முதுகுக்குப் பின்னாடி இருக்கற பேரு வறடி. டிஸ்கியில சொன்ன கெட்ட வார்த்தை இதுதாங்க. பொன்னாவைக் குத்தற வார்த்தையும் இதுவேதான். நாவல் முழுக்க இந்த ஒரு வார்த்தையோட பாரம்தான். பதினாலாம் நாள் அந்தப் பாரத்தோட முடிவுல வருது. மாமாவோட ஜெராக்ஸ்ல எனக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும் எந்த அடிக்கோடும் இந்த வார்த்தைக்கு இல்லை. வறடின்னு ஒரு பொம்பளையைச் சொன்னதுக்காக எங்க ஜில்லாவுல எந்தக் கடையும் மூடினதா நான் கேள்விப்படலை.

ஆபீஸ்லயும் இதேதான். ஒரு ஆப்புக்கு தமிழ் கெட்ட வார்த்தை ஃபில்டர் போடற வேலை எங்க டீமுக்கு வந்தது. ஒரு எக்செல் ஷீட் கொடுத்தாங்க, வரிசையா வார்த்தைங்க. உடம்பு உறுப்பு, உறவுமுறை, ரெண்டும் சேர்ந்தது. ஷீட்டை அப்படியே போட்டா புண்டரீகாட்சன்னு பேரு வச்சவங்க யாரும் அந்த ஆப்புல கணக்கே தொடங்க முடியாதுங்கறது டெஸ்டிங்லயே தெரிஞ்சது. பெருமாளுக்கே தடை! :-) அதைச் சரி பண்ணியாச்சு. வறடி, மலடி எல்லாம் இதுல இல்லையேன்னு கேட்டேன். "அது டிக்ஷனரி வேர்டுதானே, அப்யூஸ் கிடையாது"ன்னு பதில் வந்தது. நியாயம்தான், அகராதியில இருக்கு.

இன்னொண்ணு. இன்னிக்கு சேலம், ஈரோடு, நாமக்கல் ரோட்டுல எந்தப் பக்கம் போனாலும் குழந்தையின்மை சிகிச்சை மைய போர்டு இருக்கும், சிரிக்கிற குழந்தை படத்தோட. முகம் தெரியாத ஆளோட விந்தணுவை தானமா வாங்கிக்க 2021ஆம் வருசச் சட்டமே இடம் கொடுக்குது. தானம் கொடுத்தவர் யாருன்னு வாங்கறவங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. சாமிக்குப் பதிலா டாக்டர், தேர்வீதிக்குப் பதிலா ஏசி ரூம். யாரும் புண்படலை. புண்படவும் வேண்டாம், நல்ல விஷயம்தான். சும்மா சொல்லி வச்சேன்.

வழக்கு என்ன ஆச்சுன்னா, அந்த ஜனவரி 12 உடன்பாட்டை எதிர்த்து தமுஎகச தலைவரா இருந்த ச.தமிழ்செல்வன் ஹைகோர்ட்டுக்குப் போனார். புத்தகத்தைத் தடை செய்யணும், எழுத்தாளர் மேல நடவடிக்கை எடுக்கணும்னு எதிர்த்தரப்பும் போனாங்க. 2016 ஜூலை 5ஆம் தேதி தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பு சொன்னது. இந்த கௌல்தான் 2008ல் டெல்லி ஹைகோர்ட்டுல ஓவியர் எம்.எஃப்.ஹுசைன் மேல இருந்த ஆபாச வழக்குகளை ரத்து பண்ணினவர். நாவல் ஆபாசம் இல்லை, முழுசா படிச்சுத்தான் சொல்லணும், அந்த உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காத புத்தகத்தை மூடி வச்சுட்டுப் போகலாம், அவர் மறுபடி எழுதட்டும். சுருக்கம் இதுதான். இந்த மாதிரி பிரச்சினை வந்தா ஆலோசனை சொல்ல நிபுணர் குழு ஒண்ணு வைக்கச் சொல்லியும் அரசாங்கத்துக்கு உத்தரவு. எனக்கு அந்தக் குழு யோசனை மட்டும் அவ்வளவா பிடிக்கலை. மறுபடியும் ஒரு மேசை, சுத்தி நாற்காலி.

அவர் எழுதினார். அதே வருசம் 'கோழையின் பாடல்கள்' கவிதைத் தொகுப்பு, அப்புறம் 'பூனாச்சி'. 2023ல் 'ஆளண்டாப் பட்சி'யோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி பரிசும் கிடைச்சது. நல்ல முடிவுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அவருக்குப் பேர் இருந்தது, பதிப்பகம் இருந்தது, டெல்லிப் பத்திரிகைங்க எழுதிச்சு. அதே காலகட்டத்துல கரூர் பக்கம் சிறுகதை எழுதினதுக்காக அடி வாங்கின புலியூர் முருகேசனும், புதுக்கோட்டை பக்கம் சொந்த ஊரைப் பத்தி எழுதினதுக்காக ஊர்விலக்கம் பார்த்த துரை குணாவும் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? சட்டப் பிரிவோட நம்பர் மட்டும் மாறியிருக்கு. இந்திய தண்டனைச் சட்டத்துல 292ஆ இருந்த ஆபாசம், 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 294.

அப்போ எல்லையே வேண்டாமான்னா, வேணும். எனக்கு அதுல குழப்பம் இல்லை. 2019ல் பொள்ளாச்சி விவகாரம் வெடிச்சப்ப அந்த வீடியோ துணுக்குகளைப் பகிராதீங்கன்னு போலீஸே கேட்டுக்க வேண்டியிருந்தது. அந்த வழக்குல 2025 மே மாசம் 9 பேருக்கு சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைச்சது. ஃபார்வர்ட் பண்ணினவங்களுக்கு? ரத்தமும் சதையுமா ஒரு பொண்ணு, அவ சம்மதம் இல்லாம எடுத்தது, ஒவ்வொரு ஃபார்வர்டும் அவளுக்கு இன்னொரு தடவை நடக்கற கொடுமை. அதை அடக்கறதுக்கு என்ன சட்டம் வேணும்னாலும் போடுங்க, நான் கைதட்டறேன். பொன்னா கற்பனை. அவளுக்கு நடந்ததைப் படிச்சு யாருக்கும் எலும்பு முறியலை.

இந்தப் பொங்கலுக்கு 'மாதொருபாகன்' ஒரு பிரதி வாங்கிட்டுப் போய் அத்தைகிட்ட கொடுத்தேன். அவங்க எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, வாரப் பத்திரிகை ஒண்ணு விடமாட்டாங்க. மாமா ஒரு மாதிரி பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. ரெண்டு ராத்திரியில முடிச்சுட்டாங்க. பதினாலாம் நாளைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. அந்த சனத்தோட பேச்செல்லாம் அப்படியே எழுதியிருக்கான்னாங்க. அப்புறம், "அந்தக் காளி கடைசியில என்ன ஆனான்? மரத்தடியில நிறுத்திப்போட்டு விட்டுட்டானே"ன்னாங்க.

நாவலுக்குத் தொடர்ச்சியா ரெண்டு இருக்கு, 'ஆலவாயன்', 'அர்த்தநாரி'. ஒண்ணுல காளி செத்துடறான், இன்னொண்ணுல உயிரோட இருக்கான்னு சொல்லி ரெண்டையும் நீட்டினேன்.

உயிரோட இருக்கறதை முதல்ல எடுத்துக்கிட்டாங்க.